விற்கும் வீட்டில் குளியலறைத் தரை: மாற்றுவதா, சீர்செய்வதா?

கடையும் வீடும் ஒன்றாக வைத்திருக்கும் வணிகர்கள், வீட்டை விற்கும்போது குளியலறைத் தரையை உடைத்துப் புதிதாக டைல்ஸ் பதிப்பது உண்டு. சரக்கில் முதல் போடுமுன் கணக்குப் பார்ப்பது போல இதிலும் பார்க்க வேண்டும். சித்தேரி போன்ற மலைக் கிராமத்தில் சிமெண்ட், மணல், டைல்ஸ் எல்லாம் கீழிருந்து மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். வண்டி வாடகையும் அடக்கவிலையில் சேரும்.

1. கறையா, பழுதா? தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினநீர். தரையில் படியும் வெள்ளைக் கறை பெரும்பாலும் உப்புப் படிவே. அதற்காகத் தரையை உடைக்க வேண்டாம். மொசைக் தரையில் ஆசிட் ஊற்றவும் கூடாது. அதிலுள்ள சலவைக்கல் சில்லுகளை ஆசிட் அரித்துவிடும்.

2. கசிவுச் சோதனை: வடிகால் துளையை அடைத்து, ஓர் அங்குல நீரை 24 மணி நேரம் தேக்குங்கள். வெளிச்சுவரிலோ கீழ்த்தளத்திலோ ஈரம் தெரிந்தால் பழுது அடியில் உள்ளது. மேலே டைல்ஸ் ஒட்டினால் தீராது. உடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசியே பதிக்க வேண்டும்.

3. அளவு: 6 அடிக்கு 5 அடி அறை 30 சதுர அடி. 300 மில்லிமீட்டர் சதுர டைல்ஸ் 31 ஆகும்; சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 35 வாங்கலாம். சொரசொரப்பான தரை டைல்ஸாகக் கேளுங்கள். சுவர் டைல்ஸ் வழுக்கும். 6 அடி நீளத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குல வாட்டம் வடிகாலை நோக்கி வேண்டும்.

4. சட்டம்: 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் 55ஆவது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடியாகும். கசியும் தரைமேல் பளபளப்பான டைல்ஸ் ஒட்டி விற்பது இந்த வகையில் சேரக்கூடும்.

5. ரசீது: வீட்டை மேம்படுத்திய மூலதனச் செலவை, விற்பனை லாபத்துக்கான வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம், சாதாரணப் பராமரிப்புச் செலவைக் கழிக்க இயலாது. உங்கள் செலவு எதில் சேரும் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். டைல்ஸ் ரசீதையும் கொத்தனார் கூலிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கசிவு இல்லாத பழைய தரையைத் தேய்த்துக் கழுவி, இணைப்புகளை அடைத்து, உள்ளபடி சொல்லி விலை பேசலாம். கசிவு இருந்தால் சரிசெய்து விற்கலாம். அல்லது சொல்லி விலை குறைக்கலாம். எடைக்கல்லில் நேர்மை காப்பவர் வீட்டு விற்பனையிலும் அதைக் காக்க வேண்டும். வாங்கிய குடும்பம் நாளை நம் கடைக்கே வாடிக்கையாக வரக்கூடும்.