இருவாச்சியின் இல்லறம்

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிடையே எஞ்சியுள்ள சோலைகளில், தை, மாசித் திங்களில் மலை இருவாச்சி கூடு கொள்ளும். பெண்பறவை முதுமரப் பொந்தினுள் புகுந்து, அலகு நுழையும் பிளவு மட்டும் விட்டு வாயிலை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 40 நாள்கள் அடைகாக்கும். உள்ளேயே பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண்பறவைதான் அத்திப் பழங்களைத் தொண்டையில் சேர்த்துக் கொணர்ந்து, ஒவ்வொன்றாய் அலகுக்குக் கொண்டுவந்து ஊட்டும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வெளிவரும். குஞ்சோ பிளவை மீண்டும் அடைத்துக்கொள்ளும். எவர் கற்பித்தனரோ! பின்னர் இரு பறவைகளும் ஊட்டும்.

இதைப் படமெடுக்க மரத்தடியில் ஆள் நின்றால், ஆண்பறவை பழத்துடன் தொலைவிலேயே தயங்கி நிற்கும். அதுவரை உள்ளிருப்பவற்றுக்கு உணவில்லை. கூட்டைவிட்டு விலகி, பழுத்த அத்திமரத்துக்குச் சற்றுத் தள்ளி மறைவில் காத்திருங்கள். தொண்டை புடைக்க அது பழம் சேர்ப்பதைக் காணலாம்.