நீலகிரிக் கரிமண் கூறும் மழை வரலாறு

வெப்பமானி தோன்றிச் சுமார் 400 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முற்பட்ட தட்பவெப்ப நிலையை அறிய, இயற்கை எழுதி வைத்த ஏடுகளையே நாட வேண்டும். மரங்களின் ஆண்டு வளையங்கள், துருவப் பனிப்பாளங்கள், பவளப் பாறைகள், ஏரிப் படிவுகள் ஆகியன அத்தகையவை. நம் நீலகிரியிலும் அத்தகைய ஏடு ஒன்று உண்டு. தாவரவியல் மாணவன் என்ற முறையில் அதனை இங்கு அறிமுகப்படுத்த விழைகிறேன்.

ஏடு உருவான விதம்

நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்குகள் சிலவற்றில் நீர் தேங்கிச் சதுப்பாகிறது. காற்றோட்டமில்லாத அச்சதுப்பில் புல்லும் கோரையும் முழுதும் மக்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து கரிமண் ஆகின்றன. இதனையே 'பீட்' என்பர். அடியில் உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. அடுக்கின் வயதைக் கார்பன்-14 கொண்டு கணிக்கலாம். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும்.

மழையை அறிவது எப்படி?

இதற்குக் கார்பன்-13 துணை செய்கிறது. மரங்களும் குளிர்ப்பகுதிப் புற்களும் 'சி-3' வகை ஒளிச்சேர்க்கை உடையவை. சோளம், கம்பு போன்றவை 'சி-4' வகை. சி-4 தாவரங்களில் கார்பன்-13 சற்று மிகுதி. இவை வறட்சியையும், காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவதையும் தாங்க வல்லவை. ஆகவே கரிமண்ணில் கார்பன்-13 மிகுந்திருந்தால் அது பெரும்பாலும் வறண்ட காலம். குறைந்திருந்தால் மழை மிகுந்த காலம்.

இம்முறையில் அறிஞர் இராமன் சுகுமாரும் அவர்தம் குழுவினரும் நீலகிரிக் கரிமண்ணை ஆராய்ந்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 20,000 ஆண்டுகட்கு முன், பனி யுகத்தின் உச்சத்தில், இம்மலை வறண்டு சி-4 புற்கள் மிகுந்திருந்தது. பின்னர்ப் பருவமழை வலுத்தது. மீண்டும் சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகட்கு முன்வரை வறட்சி நிலவியது.

நாம் கொள்ள வேண்டுவது

சோலைகளை மனிதர் அழித்ததால்தான் நீலகிரிப் புல்வெளிகள் உண்டாயின என்று கருதியோர் உண்டு. ஆனால், உலகில் எங்குமே உழவு தோன்றாத காலத்தில் இங்குப் புல் செழித்திருந்தது! இதனை அறியாமல், 19-ஆம் நூற்றாண்டு முதல் புல்வெளிகளைத் தரிசென்று எண்ணிச் சீகையும் கற்பூர மரமும் நட்டனர். மரம் நடுதல் நன்றே. ஆயினும் எங்கு நடுகிறோம் என்பதை ஆராய்ந்து நடுதல் வேண்டும்.

சதுப்பை வடித்து உழுதுவிட்டால் அடுக்குகள் கலந்துவிடும். பிறகு எவராலும் அதைப் படிக்க இயலாது. ஓலைச்சுவடி அழிந்தால் வேறொரு படி எங்கேனும் கிடைக்கலாம். இச்சுவடிக்கு வேறு படி இல்லை. எனவே, மாணவ நண்பர்களே, உதகைக்குச் சுற்றுலா செல்லும்போது மலர்க்காட்சியோடு நின்றுவிடாமல், அந்தச் சேற்று நிலத்தையும் மதிப்புடன் நோக்குவோமாக!