வண்டிக்குள் மின்சாரம்: ஒயர் இழுக்கும் முன் தாளில் வரைவோம்



நம் அறக்கட்டளையின் மருத்துவ முகாம் வண்டியைப் பெரியதோட்டத்திலும் மங்கலத்திலும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், மருந்து அலமாரி, டாக்டருக்கு ஒரு மேசை என்று மாற்றிய வண்டி அது. அதன் மின்சார வேலையில் முதல் தடவை நாங்கள் தவறு செய்தோம். அதை மறைக்காமல் சொல்வதே இந்தப் பாடத்தின் தொடக்கம்.

வண்டியை ஒரு பட்டறையில் விட்டு, "லைட், ஃபேன், பிளக் எல்லாம் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னோம். எத்தனை வாட், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு தாள்கூட எழுதிக் கொடுக்கவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆக இருக்கும் பேட்டரியிலிருந்தே எல்லாவற்றுக்கும் மெல்லிய ஒயர் இழுத்தார்கள். முதல் முகாமில் காலை முதல் மாலை வரை ஃபேன் ஓடியது. மாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நம் இளைஞர்கள் தள்ளித்தான் கிளப்பினார்கள்.

மூன்றாவது முகாமில் அதைவிட மோசம். தரைத் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக ஒயர் போயிருந்தது. வண்டி ஆட ஆட, தகரத்தின் விளிம்பு ஒயரின் மேல்தோலை அறுத்துவிட்டது. ஃபியூஸ் எங்குமே இல்லை. கருகல் வாடையை முதலில் உணர்ந்தவர் உள்ளே இருந்த நர்ஸ் சகோதரி. ஓட்டுநர் ஓடிப்போய் பேட்டரி முனையைக் கழற்றினார். கட்டிலில் இருந்த பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் அளவு எடுக்காமல், பேட்டர்ன் போடாமல் யாராவது துணியில் கத்தி வைப்பார்களா? பனியனுக்குச் செய்வதை, உயிர்கள் ஏறும் வண்டிக்கு நாங்கள் செய்யவில்லை.

இந்தப் பாடம் யாருக்கு?

மருத்துவ வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அல்ல. காதர்பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர்ச் சந்தைகளுக்குப் போய் வேனிலேயே படுத்துறங்கும் வியாபாரிகள் உண்டு. குடும்பத்தோடு ஊட்டி, வயநாடு போக வேனில் படுக்கையும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரீசியன் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு தொழிலும்கூட.

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு உள்ளே இருந்தவர்கள் அவர்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் அடித்தளம் வழியாக உள்ளே ஏறியதே காரணம் என்று நிபுணர்களின் ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை எழுப்பாது. "எவ்வளவு மின்சாரம் வேண்டும், அது எங்கிருந்து வரும்" என்ற கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதல் படி: தேவையை எழுதுங்கள்

ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதி இரண்டையும் பெருக்குங்கள். எங்கள் வண்டியின் கணக்கு இது:

- எல்.இ.டி. விளக்கு 6, ஒவ்வொன்றும் 6 வாட், 5 மணி நேரம்: 180
- 12 வோல்ட் ஃபேன் 3, ஒவ்வொன்றும் 20 வாட், 6 மணி நேரம்: 360
- இன்சுலின் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ் 45 வாட், 10 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடும்: 225
- லேப்டாப் 65 வாட், 4 மணி நேரம்: 260
- போன் சார்ஜ் 20 வாட், 3 மணி நேரம்: 60
- நெபுலைசர் 120 வாட், 1 மணி நேரம்: 120

மொத்தம் 1,205 வாட்-மணி. லேப்டாப்பும் நெபுலைசரும் இன்வெர்ட்டர் வழியாக ஓடுவதால் அங்கே கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்து 1,300 என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் படி: பேட்டரி

1,300-ஐ 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 108 ஆம்பியர்-மணி. அப்படியானால் 110 பேட்டரி ஒன்று போதுமா? போதாது. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே அந்த வகையில் 220 வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 சதவீதம் வரை எடுக்கலாம்; 150 போதும். விலை கூடுதல், ஆனால் எடை குறைவு, ஆயுள் அதிகம். எதை வாங்கினாலும் இரண்டு விதிகளை மறக்கக் கூடாது.

ஒன்று, வண்டி ஸ்டார்ட் பேட்டரி வேறு, உள்ளே பயன்படுத்தும் பேட்டரி வேறு. முகாம் நடக்கும்போது ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து ஒரு துளியும் எடுக்கக் கூடாது.

இரண்டு, பேட்டரி இருக்கும் இடம். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரியை அந்தச் சூட்டில் சார்ஜ் ஏற்றக் கூடாது. அதைத் தடுக்கும் பி.எம்.எஸ். உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும்; அதைப் பெட்டிக்குள் வைத்து வெளிக்காற்றுக்கு வழி விட வேண்டும். எந்தப் பேட்டரியானாலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் 30 கிலோ பேட்டரி பறந்து வரக் கூடாது.

மூன்றாம் படி: சார்ஜ் எங்கிருந்து?

மூன்று வழிகளைத் திட்டமிட்டோம். ஓடும்போது வண்டியின் ஆல்டர்னேட்டர். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதனால் இரண்டு பேட்டரிகளையும் நேராக இணைக்காமல், நடுவில் டி.சி-டி.சி. சார்ஜர் போட்டோம். நிற்கும்போது கூரையில் 400 வாட் சோலார். நம் பகுதி வெயிலுக்கு, இழப்பெல்லாம் போக, நல்ல நாளில் 1,200 வாட்-மணி அளவு எதிர்பார்க்கலாம்; மழை நாளில் அதை நம்ப முடியாது. மூன்றாவது, பள்ளிவாசலிலோ மண்டபத்திலோ நிறுத்தும்போது வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு.

ஏ.சி. வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஒரு டன் ஏ.சி. சுமார் 1,000 வாட் எடுக்கும். நான்கு மணி நேரம் ஓடினால் 4,000. நம் முழு நாள் கணக்கைப் போல மூன்று மடங்கு! அதற்குத்தான் பலர் ஜெனரேட்டரைத் தேடுகிறார்கள். வடகரைச் சம்பவத்தை நினைவில் வைத்து நாங்கள் முடிவு செய்தோம்: ஏ.சி. வெளி இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டும். வண்டிக்குள்ளோ, வண்டிக்கு அடியிலோ ஜெனரேட்டர் கிடையாது. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்குவது எந்த வண்டியிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் உள்ளே பொருத்திவிடுங்கள்.

நான்காம் படி: ஒயரின் கனம்

வீட்டு அனுபவம் நம்மை ஏமாற்றும் இடம் இது. எங்கள் விளக்கும் ஃபேனும் சேர்ந்து 96 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் இதற்கு அரை ஆம்பியர்கூட ஆகாது. 12 வோல்ட்டில் 8 ஆம்பியர். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் ஒயர் சூடாகும்.

கணக்கு எளிது. ஆம்பியரை, போகவும் வரவும் சேர்த்த ஒயர் நீளத்தால் (மீட்டரில்) பெருக்குங்கள். அதை 0.0172-ஆல் பெருக்கி, செம்புக் கம்பியின் கனத்தால் (சதுர மி.மீ.) வகுங்கள். வருவது வோல்ட் இழப்பு. எங்கள் வண்டியில் போக 6, வர 6, ஆக 12 மீட்டர். 1.5 கனத்தில் 1.1 வோல்ட் வீண். ஃபேன் சோர்ந்து சுற்றியது இதனால்தான். 6 கனத்தில் இழப்பு 0.28 வோல்ட் மட்டுமே. மூன்று சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது.

1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். ஒயர் 35 கனத்துக்குக் குறைய வேண்டாம். எல்லா ஒயரும் பல இழைச் செம்பாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாம். லக் வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள். தகரத்தைத் தாண்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். எங்கள் வண்டியில் இல்லாதது அந்தச் சில ரூபாய் ரப்பர்தான்.

ஐந்தாம் படி: ஃபியூஸ்

ஃபியூஸ் பொருளைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் ஒயரைக் காப்பதற்கு. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிரதான ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. அதன் பிறகு விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். வீட்டு எம்.சி.பி.யைக் கொண்டுவந்து 12 வோல்ட் பக்கம் மாட்டாதீர்கள், டி.சி. மின்சாரத்தின் தீப்பொறியை அணைக்க அது செய்யப்பட்டதல்ல. எல்லாவற்றையும் ஒரே திருகில் நிறுத்தும் மெயின் சுவிட்ச் ஒன்று, கதவருகே கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். அன்று அது இருந்திருந்தால் ஓட்டுநர் ஸ்பேனர் தேடியிருக்க மாட்டார்.

230 வோல்ட் பக்கத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டும் தேவை. எர்த் ஒயரை வண்டியின் உடலோடு போல்ட் போட்டு இணையுங்கள். வெளி இணைப்பும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் ஒரே லைனில் சேராதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் அதன் பக்கத்தில் சுவிட்ச், பிளக், பேட்டரி எதுவும் வேண்டாம். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சிறு பொறியைப் பெருந்தீ ஆக்கிவிடும்.

ஆறாம் படி: சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. சீட்டைக் கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124, ஆம்புலன்ஸுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்று தனித்தனி தர விதிகள் உள்ளன. வேலை தெரிந்த பட்டறைக்காரர் இவற்றை அறிந்திருப்பார். அறியாதவரிடம் வண்டியைக் கொடுக்க யோசியுங்கள்.

கடைசியாக, அந்தத் தாள்

இத்தனையையும் ஒரே தாளில் வரையுங்கள். மேலிருந்து பார்த்த வண்டியின் படம். பேட்டரி, இன்வெர்ட்டர், ஃபியூஸ் பெட்டி இருக்கும் இடம். ஒவ்வொரு ஒயரின் வழி, நீளம், கனம், ஃபியூஸ் அளவு. இரண்டாம் தடவை நாங்கள் அந்தத் தாளோடுதான் பட்டறைக்குப் போனோம். அதன் ஒரு நகல் இன்றும் ஃபியூஸ் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. நாளை யார் பழுது பார்க்க வந்தாலும் ஊகித்து வேலை செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு முகாமுக்கு முன்பும் ஓட்டுநர் பேட்டரி முனைகளைத் தொட்டுப் பார்க்கிறார். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறார். சூடான ஒயர், கருகல் வாடை, அடிக்கடி போகும் ஃபியூஸ் இவற்றில் எது இருந்தாலும் வண்டி புறப்படாது. போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுவது எங்கள் வண்டியில் தடை.

இந்த வண்டி நீங்கள் கொடுத்த ஸதகாவில் வாங்கியது. அதில் ஏறும் நோயாளி நம்மிடம் உள்ள அமானிதம். உங்கள் சொந்த வண்டியில் தூங்கும் பிள்ளைகளும் அப்படித்தான். வேனில் மின்சார வேலை செய்ய நினைக்கும் குடும்பங்கள் முதலில் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். கணக்கை உடன் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.