தாவூத் நபி (அலை): தீர்ப்பளித்தவரும் தீர்ப்பை ஏற்றவரும்

முன்னுரை

பிறர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குதல் அரசர்க்குரிய கடமை. ஆனால், தாம் வழங்கிய தீர்ப்பையே மீண்டும் எடைபோட்டுப் பார்க்கும் துணிவு எல்லா அரசர்க்கும் வாய்ப்பதில்லை. அத்துணிவு வாய்க்கப்பெற்ற பெருந்தகை தாவூத் நபி (அலை) அவர்கள். கி.மு. 1000ஆம் ஆண்டை ஒட்டி இஸ்ரவேல் மக்களை ஆண்ட இவரை விவிலியத் தமிழ் 'தாவீது' என வழங்கும். யூதரும் கிறித்தவரும் இவரை மாமன்னராகப் போற்றுவர். முஸ்லிம்கள் ஸபூர் வேதம் அருளப்பெற்ற இறைத்தூதராகவும் போற்றுவர். இவர்தம் வாழ்வில் ஆடுகள் மும்முறை முதன்மை பெறுகின்றன: அவர் மேய்த்த ஆடுகள், வழக்கில் வந்த ஆடு, வயலை அழித்த ஆடுகள். இம்மூன்றின் வழியே அவர்தம் நீதியுணர்வைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயர் அரசரானமை

பெத்லகேம் ஊரினரான ஈசாயின் எட்டு மைந்தருள் இளையவர் தாவூத். தந்தையின் ஆடுகளை மேய்த்தபோது, மந்தையைத் தாக்கிய சிங்கத்தையும் கரடியையும் எதிர்த்து நின்றார் என்று விவிலியம் கூறும். எதிரிப்படையின் மாவீரன் ஜாலூத் அறைகூவல் விடுத்தபோது, தாலூத் மன்னர் தம் கவசத்தை இவருக்கு அணிவித்தார். பழகாத கவசத்தைக் களைந்துவிட்டு, கவணும் ஓடைக் கற்கள் ஐந்தும் கொண்டு களம் புகுந்தார் இளைஞர். ஒரு கல்லே போதுமானதாயிற்று. இவ்வெற்றிக்குப் பின் இறைவன் அவருக்கு ஆட்சியையும் ஞானத்தையும் வழங்கினான் எனத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் இயம்புகிறது.

முப்பதாம் வயதில் அரசேற்ற அவர், ஹெப்ரோனில் ஏழரை ஆண்டுகளும் எருசலேமில் 33 ஆண்டுகளும் ஆண்டார் என்பது விவிலியக் கணக்கு. அரியணை ஏறிய பின்னும் அவர் உழைப்பைக் கைவிடவில்லை. இறைவன் அவருக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். அவர் வளையங்களை அளவாகக் கோத்துப் போர்க்கவசம் செய்தார் எனத் திருக்குர்ஆன் உரைக்கும். அவர் தம் கைகளால் உழைத்து உண்டவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் சிறப்பித்துள்ளார்கள். அன்று பிறர் கவசத்தை வேண்டாம் என்று களைந்தவர், பின்னாளில் பிறரைக் காக்கும் கவசத்தைத் தாமே செய்தார் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

வழக்கில் வந்த ஆடு

திருக்குர்ஆனின் 38ஆம் அத்தியாயம் ஒரு வழக்கைக் காட்டுகிறது. தாவூத் நபி (அலை) வணக்கத்தில் இருந்த மாடத்தின் மதிலேறி இருவர் உள்ளே வந்தனர். அவர் திடுக்கிட்டார். அஞ்ச வேண்டா என்று கூறிய அவர்கள் தம் வழக்கை முன்வைத்தனர். ஒருவனிடம் 99 பெண்ணாடுகள். மற்றவனிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் தன்னிடம் ஒப்படைக்குமாறு முன்னவன் வற்புறுத்திச் சொல்வன்மையால் வென்றுவிட்டான் என்பது முறையீடு. கேட்டது அநீதி என்று உடனே உரைத்தார் தாவூத் நபி. உரைத்த பின்னரே, தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்தார். பணிந்து விழுந்து மன்னிப்பு வேண்டினார். இறைவனும் மன்னித்தான்.

அவர் எதற்காக மன்னிப்பு வேண்டினார்? எதிர்த்தரப்பின் சொல்லைக் கேளாமலே தீர்ப்புரைத்தமைக்காக என விரிவுரையாளர் சிலர் விளக்குவர். முறையிட்டவன் ஏழை, அவன் சொல் நெஞ்சை உருக்குவது. எனினும், இரக்கம் வேறு, விசாரணை வேறு. இதனையடுத்து, மக்களிடையே உண்மையைக் கொண்டு தீர்ப்பளிக்குமாறும் மன விருப்பத்தைப் பின்பற்றாதிருக்குமாறும் இறைக்கட்டளை வருவது ஈண்டு நோக்கத்தக்கது.

விவிலியத்திலும் ஓர் ஏழையின் ஒற்றை ஆடு பேசப்படுகிறது. அங்கு நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அதைக் கதையாகக் கூறி, அரசரின் பெரும் பிழை ஒன்றை அவர் முகத்துக்கெதிரே சுட்டுகிறார். நபிமார்கள் பெரும்பாவங்களினின்றும் காக்கப்பட்டவர்கள் என்னும் கொள்கையுடைய இஸ்லாமிய அறிஞர்கள் அந்நிகழ்ச்சியை ஏற்பதில்லை. வரலாற்றுச் செய்தியில் வேறுபடினும், இரு மரபுகளும் ஒன்றில் உடன்படுகின்றன: குறை உணர்த்தப்பட்டபோது அவ்வரசர் சினக்கவில்லை, பணிந்தார்.

வயலை அழித்த ஆடுகள்

ஓரிரவு ஒருவருடைய ஆடுகள் மற்றவருடைய வயலில் புகுந்து பயிரை அழித்தன. 21ஆம் அத்தியாயம் சுட்டும் இவ்வழக்கை விரிவுரைகள் விளக்குகின்றன. இழப்புக்கு ஈடாக ஆடுகளையே வயலுக்குரியவரிடம் கொடுத்துவிடுமாறு தாவூத் நபி தீர்ப்பளித்தார். மைந்தர் சுலைமான் வேறொரு வழி கூறினார். ஆட்டுக்காரர் வயலைப் பண்படுத்திப் பழைய நிலைக்குக் கொணரட்டும். அதுவரை வயலுக்குரியவர் ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் துய்க்கட்டும். பின்னர் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்றார். இழந்தவரும் ஈடு பெற்றார், தவறியவரும் அழியவில்லை. இளையவன் சொல்லாயிற்றே என்று தந்தை தயங்கவில்லை. தம் தீர்ப்பை விடுத்து மைந்தரின் தீர்ப்பை ஏற்றார். இருவருக்கும் ஞானமும் கல்வியும் வழங்கியதாக இறைவன் கூறுவதால், தீர்ப்பை மாற்றிக்கொண்டமை தந்தைக்கு இழுக்கன்று என்பது தெளிவு.

நிலைத்த புகழ்

வடக்கு இஸ்ரேலிலுள்ள தெல் தான் என்னுமிடத்தில் 1993, 1994ஆம் ஆண்டுகளில் ஓர் அரமேயக் கல்வெட்டின் துண்டுகள் கிடைத்தன. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அதில் 'தாவீதின் வீடு', அதாவது தாவீதின் அரசகுலம், என்ற தொடர் இருப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் படிக்கின்றனர். அவருடைய அரசு எவ்வளவு விரிந்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவர் புகழ் அரசின் எல்லையைப் பொறுத்ததன்று. விவிலியத்தின் 150 சங்கீதங்களுள் 73இன் எபிரேயத் தலைப்பில் அவர் பெயர் உள்ளது. ஒருநாள் நோற்று ஒருநாள் விடும் அவர்தம் நோன்பை, இறைவனுக்கு மிக உவப்பான நோன்பு என நபிமொழி போற்றுகிறது.

முடிவுரை

நீதி வழங்கும் பொறுப்பு மன்னர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் இரு மாணவரிடையே பூசல் எழும்போது ஆசிரியரும், குடும்ப வழக்கைத் தீர்க்க அமரும்போது ஜமாஅத் பெரியோரும், நண்பனைப்பற்றி ஒரு சொல் கேட்டவுடனே முடிவு கட்ட முற்படும்போது மாணவரும் தாவூத் நபியின் இடத்திலேயே நிற்கின்றனர். கண்ணீரோடு முதலில் வந்தவரின் சொல் உண்மையாகவும் இருக்கலாம். எனினும் மற்றவரையும் கேட்ட பின்னரே அது தீர்ப்பாகும். தவறு தெரிந்தால் திருத்திக்கொள்வதும், திருத்துபவர் நம்மினும் இளையவராயினும் ஏற்பதும் பெருமைக்குக் குறைவல்ல. ஆடு மேய்த்த கைகள் செங்கோல் ஏந்தின என்பது தாவூத் நபியின் உயர்வு; செங்கோல் ஏந்திய பின்னும் அவர் தலை பணிந்தது என்பது அதனினும் உயர்வு.