தலாக்கோடு தீராத பற்று

சகோதரர்களே, என் கடையில் மாதாமாதம் சரக்கெடுக்கும் நண்பர் ஒருவர், மனைவியைத் தலாக் விட்ட பின் வந்து, “ஷரீஅத் கோர்ட்டில் எல்லாம் கட்டியாயிற்று பாய், கணக்குத் தீர்ந்தது” என்றார். “பிள்ளைகள் இருவருக்கும்?” என்றேன். “அதுவும் அதில் அடக்கந்தானே!” என்றார். அடக்கமில்லை. அந்த அம்மாள் குடும்ப நீதிமன்றத்தில் மாதம் 400 வெள்ளிக்கு உத்தரவு வாங்கினாள். இவர் அதைப் பொருட்படுத்தவில்லை. 14 மாதத்தில் பாக்கி 5,600 வெள்ளி ஆகி, சம்மன் வந்த பிறகே விளங்கியது. இந்த மயக்கம் பலருக்கும் இருப்பதால் இதை எழுதலானேன்.

சிங்கப்பூரில் ஷரீஅத் கோர்ட்டு 1958-ல் ஏற்பட்டது. இன்று அது 1966-ம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி நடக்கிறது. இத்தாக் கால நபகா, முத்ஆ, பாக்கி மஹர், பிள்ளைகள் யாரிடம் வளர்வது, வீடு முதலியவற்றின் பங்கு ஆகியவை அங்கே தீரும். முத்ஆவை நாட்கணக்கில் போடுவது இங்கே வழக்கம். 12 வருட வாழ்க்கை என்றால் 4,380 நாள்; நாளைக்கு 3 வெள்ளி என்று வைத்தாலும் 13,140 வெள்ளி. தலாக் என்று வாய் திறக்குமுன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

பிள்ளைகளின் செலவுக்கு வேறு வாசல். அது 1961-ம் ஆண்டு மாதர் சாசனத்தின்படி குடும்ப நீதிமன்றத்தில் கேட்கப்படுவது. “அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கு இல்லையே” என்பார்கள். விவாகம், விவாகரத்துப் பகுதிகள் நமக்கில்லை என்பது மெய்தான். ஜீவனாம்சப் பகுதி நமக்கும் உண்டு. பிள்ளைக்கு 21 வயது வரை கொடுக்க வேண்டும். படிப்போ தேசிய சேவையோ உடற்குறையோ இருந்தால் அதற்கப்பாலும் நீளலாம்.

இது வெள்ளைக்காரன் சட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் குர்ஆனின் 65-வது அத்தியாயத்தை ஓதிப் பார்க்கட்டும். அதன் பெயரே தலாக். தலாக்கான தாய் பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குக் கூலி கொடுக்கச் சொல்லி, வசதியுள்ளவன் வசதிக்கேற்பவும் வருவாய் குறைந்தவன் அதற்கேற்பவும் செலவிடுமாறு அங்கே வருகிறது. அபூஸுஃப்யான் நம்மைப் போல் வியாபாரி, கையிறுக்கமானவர். அவருடைய மனைவி ஹிந்த் முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள்.

நிற்க. கட்டாதவனுக்கு நேர்வது என்ன? சம்பளக்காரனானால் முதலாளியிடமிருந்தே பிடித்தம் செய்ய உத்தரவாகும். நமக்குச் சம்பளமில்லை என்று மகிழ வேண்டாம். அபராதம் உண்டு, வங்கி உத்தரவாதம் கேட்கலாம், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. சிறைக்குப் போனதால் மட்டும் பாக்கி தீர்வதில்லை. பாக்கி விவரம் கடன் தகவல் நிலையத்துக்குப் போகவும் 2011-ம் ஆண்டுத் திருத்தத்தில் வழி ஏற்பட்டது. பிறகு கடையை விரிவாக்க வங்கியில் கடன் கேட்டால், மேனேஜர் கண்ணில் முதலில் அதுதான் படும். 2025 ஜனவரி முதல், புதிதாகப் புகார் வரும்போது ஜீவனாம்ச அதிகாரிகள் வங்கிக் கணக்கு விவரங்களை நேரே வரவழைத்துப் பார்க்கிறார்கள். “வியாபாரம் மந்தம், ஐயா” என்ற பழைய பல்லவி அங்கே செல்லாது.

மெய்யாகவே வியாபாரம் படுத்துவிட்டால், தொகையைக் குறைக்கும்படி அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தாமாக நிறுத்தினால் பாக்கி ஏறிக்கொண்டேயிருக்கும். பணத்தைப் பிள்ளை கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்பும் சகோதரர்கள் அதை விட்டு வங்கி மூலம் அனுப்பி, சீட்டுகளைக் கடைச் சிட்டைகளோடு பத்திரப்படுத்தவும். என் நண்பர் கொடுத்ததாகச் சொன்ன மூன்று மாதப் பணத்துக்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.