களத்திற்குப் பின்னே ஓர் ஒழுங்கு

நுழையும்முன்

கல்லூரி மாணவர் ஒருவர் பல்கலைக்கழகச் சீருடை அணிந்து களமிறங்குவதற்குப் பின்னே பலருடைய திட்டமிட்ட உழைப்பு உள்ளது. அவ்வுழைப்பை நெறிப்படுத்தும் அமைப்பை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

தோற்றமும் மண்டலங்களும்

நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒருங்கிணைக்க 1925ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களிடை வாரியம் உருவானது. அதுவே 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான விளையாட்டுப் போட்டிகளை நடத்துவதும் இதன் பணிகளுள் ஒன்றாகும்.

பரந்த இந்நாட்டில் எல்லா அணிகளும் ஓரிடத்தில் கூடுவது எளிதன்று. பயணச் செலவு மிகும், படிப்பு நாள்களும் வீணாகும். ஆகவே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்கள் வகுக்கப்பட்டன. தமிழ்நாடு தென்மண்டலத்தைச் சார்ந்தது. போட்டிகளை நடத்தும் பொறுப்பை உறுப்புப் பல்கலைக்கழகங்களே ஏற்கின்றன. களம், நடுவர், தங்குமிடம், உணவு, மருத்துவ உதவி ஆகிய அனைத்தையும் ஏற்கும் பல்கலைக்கழகமே ஒருங்கமைக்கிறது.

படிப்படியாக உயர்தல்

முதற்படி கல்லூரி அணி. உடற்கல்வி இயக்குநர் அவ்வணியைத் தேர்ந்து பயிற்றுவிக்கிறார். ஒரு பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகள் தம்முள் மோதுகின்றன. அங்குத் திறன் காட்டியோரிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படுகிறது. குழு விளையாட்டுகளில் அவ்வணி மண்டலப் போட்டியில் ஆடுகிறது. மண்டலத்தில் முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. சிறு கல்லூரியில் பயிலும் மாணவரும் தம் கல்லூரி வெல்லாதபோதிலும் பல்கலைக்கழக அணியில் இடம்பெற இயலும் என்பது இம்முறையின் சிறப்பு.

தகுதியே அரண்

அணியில் இடம்பெறுவோர் முழுநேர மாணவராக இருத்தல் வேண்டும். வயது வரம்பும் உண்டு. கல்விச் சான்றுகள் இணைந்த தகுதிப் படிவத்தில் கல்லூரி முதல்வரும் பல்கலைக்கழக அலுவலரும் ஒப்பமிடுவர். இதனை வெறும் தாள்வேலை என எண்ணுதல் தவறு. தகுதியற்ற ஒருவர் அணிக்குள் நுழைந்தால், ஆண்டு முழுவதும் பயின்ற மாணவர் ஒருவர் தம் இடத்தை இழக்கிறார். உண்மை வெளிப்பட்டால் அணியின் வெற்றியே பறிபோகலாம். பிழை செய்யாத தோழர்களும் அதன் விளைவைச் சுமக்க நேரிடும்.

பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சாதனையைப் போற்றும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956–57ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகிறது. அதன் பெருமை வெற்றியில் மட்டும் இல்லை. அவ்வெற்றி நேர்மையாக ஈட்டப்பட்டது என்னும் நம்பிக்கையிலும் உள்ளது. அந்நம்பிக்கையைக் காப்பதே விளையாட்டு அமைப்பின் தலையாய கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அணி மாநிலப் போட்டியை அடையும் படிநிலைகளை உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டறிந்து வரைபடமாக்குக.

2. ‘தகுதி விதிகள் திறமைக்குத் தடையா, காவலா?’ – வகுப்பில் கலந்துரையாடுக.