பாவித்த போன் வாங்குமுன் பற்றரியைப் பாருங்கள்

மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் நாம் என்ன செய்கின்றோம்? தரகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. சுழி பார்க்கின்றோம். வாயைத் திறந்து பல் பார்க்கின்றோம். நாலடி நடத்திப் பார்க்கின்றோம். கறவையென்றால் ஒருநேரம் கறந்தும் பார்க்கின்றோம். அதே நாம், பட்டினத்துக் கடையில் பாவித்த கைத்தொலைபேசி வாங்கும்போது கண்ணாடியில் கீறல் உண்டா, படம் தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடியை அவிழ்த்து விடுகின்றோம். போனுக்குப் பல் அதன் பற்றரிதான்.

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் புதிய போன் வாங்குவது எம்மில் பல குடும்பங்களுக்கு எட்டாத காரியமாயிற்று. ஊரைவிட்டு வந்திருப்பவர்களுக்குப் போன் ஆடம்பரப் பொருளும் அல்ல. வங்கியில் பணம் விழுந்த செய்தி, பிள்ளையின் பாடம், மரக்கறி விலை, வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் குரல் எல்லாம் அதனூடாகவே வருகின்றன. ஆகவே பாவித்த போன் வாங்குவதில் பிழையில்லை. பார்த்து வாங்க வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சொந்தக் காணியை விட்டு வந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருந்தது. இரண்டு ஆடு விற்ற காசில் ஒரு போன் வாங்கினார்கள். கடையில் பார்த்தபோது அது 100 வீதம் சார்ஜ் காட்டியது. காணி பார்க்க அழைத்துச் செல்லும் நாளைப் போனில் அறிவிப்பதாக விதானையார் சொல்லியிருந்தார். மூன்றாம் கிழமை ஒருநாட் காலை அந்த அழைப்பு வந்தது. போன் 41 வீதம் காட்டிக்கொண்டிருந்தது. தாயார் எடுத்து, "ஓம் ஐயா" என்றதும் திரை கறுத்துப் போயிற்று. கரண்ட் இருந்த பக்கத்து வீட்டாரோ அன்று கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். அயலவர்கள் பஸ் ஏறிப் போய்த் தங்கள் வேலியடியைப் பார்த்து வந்தார்கள். இவர்கள் அடுத்த முறைக்கு நாலு மாதம் காத்திருந்தார்கள்.

கடைக்காரரிடம் கேட்டபோது, "நான் தரேக்க நல்லாத்தானே இருந்தது" என்றார். அவர் பொய் சொன்னதாக நாம் நினைக்கவில்லை. கடையில் அந்தப் போன் எந்நேரமும் சார்ஜரில்தான் கிடந்தது.

100 வீதம் என்பது எதன் நூறு?

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றோம். போனின் மேல் மூலையில் தெரியும் வீதம், புதிதாக இருந்தபோது பற்றரி கொண்ட அளவின் வீதம் அல்ல. இன்று அது எவ்வளவு கொள்ளுமோ, அதில் எவ்வளவு இருக்கிறது என்பதையே காட்டுகிறது.

கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் சேறு அள்ளாத கிணறும் மாரியில் விளிம்புவரை நிறைந்து நிற்கும். எட்டிப் பார்ப்பவனுக்குக் கிணறு நிறைந்த கிணறுதான். மெசினை வைத்து இறைத்தால் தெரியும். முன்பு இரண்டு மணித்தியாலம் இறைத்த கிணறு முக்கால் மணித்தியாலத்தில் தரை காட்டும். பழைய பற்றரியின் 100 வீதமும் அப்படித்தான்.

போன்களில் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. 1991 இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் உள்ளே ஒரு படலம் சிறிது சிறிதாகப் படிகிறது. சார்ஜைச் சுமக்கும் லித்தியத்தில் ஒரு பங்கு அதில் அகப்பட்டுப் போகிறது. இதனால் இரண்டு கேடு. ஒன்று, பற்றரி கொள்ளும் அளவு குறைகிறது. மற்றது, இருப்பதையும் வேகமாகக் கொடுக்க முடியாமற் போகிறது. உழவு இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கேடு நன்றாகத் தெரியும். லைற் எரியும், ஹோர்ன் அடிக்கும், ஆனால் ஸ்ராட் எடுக்காது. போனும் சும்மா கிடக்கும்போது 41 வீதம் காட்டும். அழைப்பு வந்து, அதுவும் சிக்னல் குறைந்த இடத்தில் வந்து, கூடுதலான மின்னை ஒரேயடியாகக் கேட்டால் படுத்துவிடும். எமது கிராமங்களில் சிக்னல் குறைவு என்பதால் இந்தக் கேடு எம்மைத்தான் அதிகம் பிடிக்கும்.

பற்றரியின் வயதைச் 'சைக்கிள்' என்ற கணக்கில் சொல்வார்கள். துவிச்சக்கர வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மொத்தமாக 100 வீதம் பாவித்து முடித்தால் ஒரு சைக்கிள். இன்று 50, நாளை 50 பாவித்தாலும் ஒன்றுதான். ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி 500 சைக்கிளின் பின்னும் 80 வீதம் கொள்ளும்படி செய்யப்பட்டது என்றும், ஐபோன் 15 தொடக்கம் அது 1000 சைக்கிள் என்றும் அப்பிள் நிறுவனம் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு விடப்படும் புதிய வகைப் போன்கள் 800 சைக்கிளின் பின்னும் 80 வீதம் கொள்ள வேண்டும் என்பது சட்டம். நாளுக்கு ஒரு சைக்கிள் என்று பார்த்தால் 500 சைக்கிள் ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கடையிலே இருக்கும் பாவித்த போன்களுள் பல அந்த எல்லையைத் தாண்டி வந்தவை.

கடையில் வைத்தே இறைத்துப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு அரைமணித்தியாலம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். அவசரமாகப் பஸ் பிடிக்கும் நாளில் போன் வாங்க வேண்டாம்.

முதலில் சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்கள். போன் 50 வீதத்தை அண்டியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் மிக நல்லது. கிழட்டுப் பற்றரியின் குணம் அடிப்பக்கத்தில்தான் வெளிப்படும். திரையின் வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டி, கமராவில் வீடியோ எடுக்க விடுங்கள். இடையில் ஓர் அழைப்பும் எடுத்துப் பாருங்கள். தொடங்கும் வீதத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல பற்றரி அரைமணித்தியாலத்தில் பத்துப் பதினைந்து வீதம் இறங்கலாம். இருபதைத் தாண்டினால் நாம் அந்தப் பற்றரியை முடிந்த கணக்கிலேயே வைப்போம். எவ்வளவு இறங்கியது என்பதைவிட எப்படி இறங்கியது என்பது முக்கியம். 45, 44, 43 என்று படிப்படியாக இறங்கினால் சரி. 45 இலிருந்து 37 இற்குக் குதித்தாலோ, 30 இல் நின்று அணைந்தாலோ அதற்குமேல் சோதிக்க வேண்டியதில்லை.

பிறகு ஐந்து நிமிடம் சார்ஜரில் போடுங்கள். கடகடவென்று ஏறுகிறதே என்று மகிழ வேண்டாம். சிறிய சட்டி கெதியாய் நிரம்பும். கையிலே பிடித்தால் இளஞ்சூடு இருக்கலாம். பிடிக்க முடியாத சூடு ஆகாது.

சில போன்கள் தாமாகவே உண்மையைச் சொல்லும். ஐபோனில் 'செற்றிங்ஸ்' என்பதில் 'பற்றரி' என்ற இடத்துக்குப் போனால் 'பற்றரி ஹெல்த்' என்று ஒரு வீதம் தெரியும். அது 80 இற்குக் கீழ் என்றால் பற்றரி மாற்றும் காலம் வந்துவிட்டது. ஐபோன் 15 உம் அதற்குப் பிந்தியவையும் எத்தனை சைக்கிள் ஓடியது என்பதையும் காட்டும். சாம்சங் போன்களில் 'சாம்சங் மெம்பர்ஸ்' என்ற செயலியில் பரிசோதனைப் பகுதி உண்டு; அது பற்றரி நன்று, நன்றன்று என்ற அளவில் சொல்லும். வேறு பல போன்களில் ஒன்றும் தெரியாது. ஆறு ஏழு வருடப் பழைய போன் 100 வீதம் 'ஹெல்த்' காட்டினால் புதிய பற்றரி போட்டிருக்க வேண்டும், அல்லது எண்ணை மாற்றியிருக்க வேண்டும், இரண்டும் நடப்பதுண்டு. எப்போது, எங்கே மாற்றியது என்று கேளுங்கள். எண் என்ன சொன்னாலும் அரைமணித்தியாலச் சோதனையை விட வேண்டாம்.

விலை பேசுவது

பற்றரி பழுது என்பதற்காக எழுந்து வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பற்றரி மாற்றக்கூடிய பொருள். 2017 டிசம்பரில், பற்றரி பழுதான ஐபோன்கள் திடீரென அணையாமல் இருக்கத் தானே அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக அப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. புதிய பற்றரி போட்டதும் அந்தப் போன்கள் பழைய வேகத்தில் ஓடின. எனவே மெத்தனமான போன், பற்றரி மட்டும் களைத்த நல்ல போனாகவும் இருக்கலாம்.

இதற்கு ஒரு வழி உண்டு. போன் விற்கும் கடைக்குப் போகுமுன், போன் திருத்தும் வேறொரு கடைக்குப் போங்கள். இன்ன வகைப் போனுக்குப் பற்றரியும் கூலியும் எவ்வளவு, கிடைக்குமா என்று விசாரியுங்கள். 5,000 ரூபா என்றால், 25,000 ரூபாப் போன் உங்களுக்கு 30,000 ரூபாப் போன். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பற்றரி கிடைக்காத வகையென்றால், அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கினால், ஒரு கிழமைக்குள் பழுதானால் திருப்பி எடுப்பதாகப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். வாய்ச்சொல்லைக் கொண்டு திரும்பி வந்தவர்களை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம்.

பற்றரி சாராத ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் தெரியும். ஆங்கிலத்தில் ஐ.எம்.இ.ஐ என்ற நான்கு எழுத்தையும் தட்டி, இடைவெளி விட்டு அந்த இலக்கங்களை 1909 இற்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போன் பதியப்பட்டதா என்று பதில் வரும்.

வீங்கிய பற்றரி

ஒரேயொரு நிலையில் விலையே பேச வேண்டாம். போனை மட்டமான மேசையில் குப்புற வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஊஞ்சலாடினால், அல்லது திரையோ பின்மூடியோ விளிம்பில் எழும்பி நின்றால், உள்ளே வாயு சேர்ந்து பற்றரி வீங்கியிருக்கக்கூடும். இது தீப்பிடிக்கும். 2016 இல் சாம்சங் நிறுவனம் கலக்ஸி நோட் 7 என்ற போன்களை, ஏறத்தாழ 25 இலட்சம், பற்றரி தீப்பிடித்ததனால் மீளப்பெற வேண்டி வந்தது. ஓலைக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் இருக்கும் நாம் இதில் விளையாட முடியாது. ஏற்கெனவே உங்களிடமுள்ள போன் வீங்கியிருந்தால் சார்ஜில் போடாமல், குத்தாமல், அடுப்புக் குப்பையிலும் தோட்டத்திலும் போடாமல் திருத்தும் கடையில் ஒப்படையுங்கள்.

வாங்கிய பின்

முழுதாக இறங்கிய பிறகே ஏற்ற வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது பழைய நிக்கல் கட்மியப் பற்றரிக்குரிய பேச்சு. லித்தியத்துக்கு 20 இற்கும் 80 இற்கும் இடையில் நிற்பதே சுகம். அயல் வீட்டில் இருபது நிமிடம் கரண்ட் கிடைத்தால் இருபது நிமிடம் போடுங்கள். ஒரு கெடுதலும் இல்லை. இரவு முழுக்கத் தலையணைக்குக் கீழே சார்ஜில் விடுவதுதான் கெடுதல்.

வெப்பம் எல்லாவற்றிலும் பெரிய எதிரி. 35 பாகைக்கு மேலான சூடு பற்றரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெக்கை அதைச் சுலபமாகத் தாண்டும். யாழ்ப்பாணத்தில் 1990களில் கரண்டும் இல்லை, ரோச் பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். முடிந்துபோன ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு இரவு எரித்தோம். அந்தக் கைவைத்தியத்தைப் போனுக்குச் செய்ய வேண்டாம். நண்பகலில் சார்ஜை நிறுத்தி, ஈரம் படாமல், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து நிழலில் வையுங்கள். பின்னேரம் வெயில் தணிந்த பிறகு மீதியை ஏற்றலாம்.